சாயல்

காலில் மாவுக்கட்டு.
ஆழ்வார்புரத்து மாடியறை.
ஆறு இங்கிருந்து மூன்றே தெரு.

அந்த மூன்று தெருவைக் கடந்து
அழகரைப் பார்க்க எனக்கு வாய்த்த வழி இது:
கரையில் நிற்கும் கேமரா வானத்துக்கு அனுப்ப,
வானம் எங்கோ ஒரு தட்டில் இறக்க,
சோணையின் கேபிள் முருங்கைமரம் தாண்டி வந்து
பழைய கம்ப்யூட்டரின் முதுகில்
திருகிக்கொண்டு நுழையும்.

டவுன்ஹால் ரோட்டில்
எழுநூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய டிவி கார்டு.
செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள்.
டிரைவர் மட்டும் ஒரு சிடியில் இருக்கிறார்.
மேலே தனக்கொடியின் கண்மையால்
'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்
ராத்திரிகள் எனக்குப் பிடிக்காது.
நேற்றும் அப்படித்தான்.
யாரையும் கேட்காமல் எதையோ இறக்கி எதையோ ஏற்றி,
மூன்றரைக்கு எழுந்து பார்த்தால்
கார்டின் பெயருக்குப் பக்கத்தில்
மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி.
எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சிடியைப் போட்டேன்.
இந்த டிரைவரில் கையெழுத்து இல்லை, நம்புகிறீர்களா என்றது.
ஒன்பது வருஷமாக நம்புகிறேன்.
அணைத்துத் திரும்ப ஏற்று என்றது.
ஏற்றினேன்.
குதிரை வந்தது, குடை வந்தது, கடலாகத் தலைகள் வந்தன,
எல்லாம் கறுப்பு வெள்ளையில்.
வர்ணனைக்காரர் வாயை மட்டும் அசைத்தார்.
சத்தத்துக்கு வேறொரு டிரைவர்;
அது எந்த சிடி என்று மறந்துபோச்சு.

தனக்கொடி போன் போட்டாள்.
ரெண்டு மணியிலிருந்து கல்பாலத்துப் பக்கம் நிற்கிறாள்.
முன்னால் ஒரு ஆள், அவன் தோளில் ஒரு பிள்ளை,
யாரோ பீய்ச்சிய தண்ணீரில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம்.
"இங்க ஒண்ணுந் தெரியலங்க.
நீங்க டிவிக்கு முன்னாலதான இருக்கீங்க,
என்ன பட்டுன்னு பாத்துச் சொல்லுங்க."

என்ன பட்டு.
ஊருக்கே இன்றைக்கு அது ஒன்றுதான் கேள்வி.
பச்சை என்றால் மழை, வயல், கொஞ்சம் கடன் அடையும்.
சிவப்பு என்றால்
பேசாமல் வீடு திரும்புவார்கள்.
என் திரையில் சாமி
சாம்பலில் ஒரு பட்டு கட்டியிருந்தார்.

"இரு, பாக்குறேன்."

டிரைவரின் உள்ளே போய்ப் பார்த்தேன்.
நான் இருப்பது அமெரிக்கா என்று
அதுவாக முடிவு செய்திருந்தது.
இந்தியா என்று மாற்றினேன். ஒத்துக்கொண்டது,
ஆனால் அணைத்துத் திரும்ப ஏற்று என்றது.

கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு
வெட்டி வெட்டி மின்னியது.
போனில் அவள் மூச்சு.
பக்கத்தில் யாரோ ஒற்றைச் செருப்பைத் தேடுகிறார்கள்.

அப்போது கிளம்பியது:
முதலில் போனில்,
ஒரு நொடி கழித்து அதே கூச்சல் என் ஜன்னலில்,
கோவிந்தா, கோவிந்தா.
திரை இன்னும் எழுந்திருக்கவில்லை.

"எறங்கிட்டாரு! பச்சையாம்!
முன்னாடி தோள்ல இருக்குற பிள்ளை சொல்லுது.
ஒங்களுக்கும் பச்சைதான?"

படம் வந்தது. இந்தத் தடவை நிறத்தோடு வந்தது.
ஆறு ஊதா.
தங்கக் குதிரை செங்கல்.
கும்பிடுகிற கைகளெல்லாம் பாசி பிடித்த மாதிரி.
பட்டு மட்டும் கத்தரிப்பூ.

அடியில் 'சாயல்' என்று ஒரு கோடு, அதில் ஒரு பொத்தான்.
மவுஸால் பிடித்து மெல்ல இழுத்தேன்.
கைகள் மனிதக் கைகள் ஆயின.
குதிரை தங்கத்துக்குத் திரும்பியது.
பட்டு அங்கே மயில்கழுத்தில் நின்றது.
அது நீலமா பச்சையா என்று
ஜவுளிக்கடையிலேயே நானும் அவளும்
ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னும் ஒரு நூல் தள்ளினால் பச்சை.
தள்ளினால் கைகள் திரும்பவும் கெடும்.

"என்னங்க, லயன்ல இருக்கீங்களா? பச்சைதான?"

"பச்சைதான்" என்றேன்,
தள்ளிக்கொண்டே.