துறை

வருகைப் படிவத்தில் ‘துறை’ என்று ஒரு கட்டம்.
ஜெபசீலி வேதியியல் என்று எழுதினாள்.
மைதீன் பிச்சை, பொருளியல்.
நான் தமிழ்.

சிந்துபூந்துறையில்
முட்டளவு தண்ணீரில் நின்றோம்.
அவள் குப்பிக்குள் தாமிரபரணி
நீலமாய் மாறியது.
“பாஸ்பேட்” என்றாள், சத்தமில்லாமல்.
மைதீன் கரையேறிப் போய்
மூன்று கடைகளில் சோப்புத்தூள் கணக்குக் கேட்டு வந்தான்,
ஒரு கடையில் திட்டும் வாங்கி.
துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்:
இந்த நொரை எப்பவிருந்து?
“எங்க மைனி
புளியங்குடிக்கு வாக்கப்பட்டுப் போனாள்லா,
அந்த வருசம்.”

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
மைனிக்கு போன் போட்டோம்.
அதற்குள் என் செருப்பு ஒன்று
சீவலப்பேரிப் பக்கம் கிளம்பிவிட்டது.

மறுநாள் படிவத்தில்
மூன்று பெயருக்கும் நேரே, துறை:
சிந்துபூந்துறை.
எழுதியது யாரென்று கேட்காமல்
மேடம் கையெழுத்துப் போட்டார்.