பழகின நுரையீரல்

எர்ணாவூர் சமுதாயக் கூடத்தில்
கட்டாயப் படைக்கு ஆள் எடுத்தார்கள்.
அடையாறு பையன்கள் மூன்றாம் நிலவின் காற்றில்
ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையாம்.

தேசப்பன் நெஞ்சில் குழாய் வைத்த டாக்டர்
வெகுநேரம் கேட்டார்.
சாம்பல் குட்டையோரம் இருபது வருசம்.
"ஏற்கெனவே பழகினது" என்று
முத்திரை குத்தினார்.
முதல் தடவையாக எதிலோ பாஸானான்.
பஸ் டிப்போ வரைக்கும் சரவெடி.

பதினொரு மாதம் கழித்து ஒரு குரல்பதிவு:
"மச்சான், இங்கயும் அதே நாத்தம்தான்.
நேத்து பள்ளத்துல ஒருத்தன் மேலயே விழுந்துட்டேன்.
எதிராளி. முகமூடி கழண்டுச்சு.
இருமுனான் பாரு,
அப்படியே நம்ம தெரு இருமல்.
சுடத் தோணல. அப்புறம்"

பதிவு அங்கேயே நிற்கிறது.
மிச்சம் எங்கே என்று
கூடத்தில் போய்க் கேட்டேன்.

சட்டையைக் கழற்று என்றார்கள்.