மூன்றாவது சிலிண்டர்

மெஸ்தியாவில் பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
பழைய நீவா இருமுகிறது, முக்குகிறது, பிடிக்கவில்லை.
முலாகியிலிருந்து மூன்று முறை போன்:
கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே,
பசு நின்றபடியே நடுங்குகிறது.

மாட்டு டாக்டர் எத்தேரி மார்கியானி
பானெட்டைத் தூக்கிக் கம்பி முட்டுக்கொடுக்கிறாள்.
கையேட்டில் அந்த ஒரு பக்கம் மட்டும்
கிரீஸ் ஏறி ஏறிக் கண்ணாடித்தாள் ஆகிவிட்டது.

பிளக் இடைவெளி: அரை மில்லிமீட்டர்,
மிஞ்சினால் பூஜ்யம் புள்ளி ஆறு.
பாயின்ட் இடைவெளி: பூஜ்யம் புள்ளி நான்கு.
எரியும் வரிசை: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

யார் முந்தி யார் பிந்தி என்று
இத்தனை தெளிவாக எழுதிவைத்த குடும்பத்தை
அவள் எங்கும் பார்த்ததில்லை.

முதல் பிளக்: நுனி செங்கல் நிறம்.
வேலை உண்டு, தூக்கம் உண்டு என்றிருப்பவன்.
இரண்டாவது கரி. குடித்ததை எரிக்கத் தெரியாதவன்.
நான்காவதில் லேசாக எண்ணெய்.
வயசு. போகட்டும்.

மூன்றாவது
புதுசு.
பால்பல் வெள்ளையில் பீங்கான். வேறு கம்பெனி.
நகமே நுழையும்போல இடைவெளி,
ஏதோ இன்ஜெக்‌ஷன் வண்டிக்குச் செய்தது.

அவள் இதை வாங்கவில்லை.

நவம்பரில் மூன்று நாள் திபிலிசியில் பயிற்சி.
திரும்பி வந்த இரவு
"வண்டியை நான் தொடவே இல்லை" என்றான் மல்காஸ்,
யாரும் கேட்காமல்,
சூப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டே.

நான்கையும் அடுப்பில்,
பாலாடைக்கட்டி ரொட்டி சுடும் சட்டியில் போட்டுக்
காய வைக்கிறாள்.
காபிக்கு வந்தவன் சட்டியைப் பார்க்கிறான்:
மூன்று கறுப்பு, ஒரு வெள்ளை.
காபி வேண்டாமாம். டார்ச் பிடிக்கிறானாம்.

ஃபீலர் கேஜ் எங்கோ தொலைந்துவிட்டது.
இரும்பறுக்கும் பிளேடு ஏறக்குறைய பூஜ்யம் புள்ளி ஆறு,
அது போதும்.
வளைந்த முனையைப் பம்பரில் தட்டுகிறாள். அளக்கிறாள்.
இன்னொரு தட்டு.
ஒட்டிவிட்டாலும் பொறி இல்லை,
விலகிவிட்டாலும் இல்லை.
பொறி. நெருப்புக்கும் அதே பெயர்,
எலிக்கு வைப்பதற்கும் அதே பெயர்.

சூட்டோடு சூடாகக் கையால் திருகி
ஸ்பானரில் கடைசிக் கால் சுற்று.
"மூணாவது ஒயர்."
டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நாலும் பாம்புபோல் பின்னிக் கிடக்கின்றன,
எதிலும் எண் இல்லை.
தேடாமல் சரியானதை எடுத்து நீட்டுகிறான் மல்காஸ்.

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடுகிறது.
குளிராகவும் இருக்கலாம்.

இரண்டாம் முயற்சியில் நீவா சீறிப் பிடித்துக்கொள்கிறது.
கதவை மூடுமுன், இரைச்சலுக்கு மேல் சத்தமாக,
கறிக்கடையில் கேட்பதுபோல் கேட்கிறாள்:
"ஒரு பிளக் என்ன விலை சொல்றாங்க இப்ப?"
"எட்டு லரி" என்கிறான்,
உடனே.

பிறகு இருவரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
எதுவும் தவறவில்லை.

முதல் கியர். பனி நொறுங்குகிறது.
முதலில் கன்று.
மற்றவை
வரிசைப்படி.