சாக்கு எடை கழித்து

போன தையில் நூற்றுப் பதினொன்று.
இந்தத் தையில் எழுபத்தொன்று.
கழித்தால் நாற்பது,
சரியாக ஒரு சிப்பம்.

எடமேலையூர் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவள் நான்,
எனக்குக் கணக்கு இப்படித்தான் வரும்.
ஒரு சிப்பத்தைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
இறக்கிவிட்டு வந்தேன்.
சாக்கை மட்டும் திருப்பித் தந்தார்கள்.
மேல்கையில் தொங்குகிறது,
அடிவயிற்றில் மடிந்து கிடக்கிறது.

லாரிக்காரர் ஒருவர்
'புது கிளார்க்கா?' என்று கேட்டார்.
அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில், மதியம் மூன்று மணிக்கு
மேகம் ஏறியது.
திறந்த வெளியில் கலியமூர்த்தியின் நெல்.
எல்லோரும் தார்ப்பாய்க்கு ஓடினோம்.
நூற்றுப் பதினொன்றாக இருந்தபோது
நான் ஒரு மூலையை மிதித்து நின்றால்
புயலே வந்தாலும் நகராது.
அன்று காற்று
என் கையிலிருந்து பாயைப் பிடுங்கிக்கொண்டு போனது.
விழுந்தேன்.
விழுந்தது பெரிதில்லை.
தரையிலிருந்து எழ
முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.
ஊன்றிய மணிக்கட்டு புடைத்துக்கொண்டது.

பதினேழில் இருந்த ஈரப்பதம் இருபத்திரண்டு காட்டியது.
கலியமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

ஸ்கேன் மேசையில் படுத்திருந்தேன்.
மேலே ஒரு இரும்புக் கை போனது, வந்தது.
டாக்டர் நிலோஃபர் தாளைத் திருப்பி வைத்தார்:
செங்கமலம், வயது நாற்பத்தாறு,
இடுப்பு எலும்பு, மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது.
'இறங்கின நாற்பதுல
பத்து கிலோ கொழுப்பே இல்லைங்க, தசை.'

தூற்றும் இயந்திரத்தில்
காற்றைக் கூட்டி வைத்தால்
பதரோடு நெல்லும் பறக்கும்.
தினமும் என்னிடம் விவசாயிகள் போடும் சண்டை அதுதான்.
'கொஞ்சம் பறக்கத்தான் செய்யும்' என்பேன்,
தலை நிமிராமல்.

'ரத்தத்துல கால்சியம் சரியாத்தானே இருக்கு?'
'இருக்கும். எலும்பு கொடுத்து நேர் பண்ணுது.'
எனக்குத் தெரியாதா அது?
பதிவேட்டில் இருப்பு எப்போதும் சரியாக இருக்கும்.
கிடங்கைத் திறக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை காலையில்,
இரும்பு மாத்திரை ராத்திரியில்,
இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது.
நாலாம் மாதமே இரண்டையும் நிறுத்தியிருந்தேன்.
எடைதான் இறங்குகிறதே, இனி எதற்கு என்று.
இதை டாக்டரிடம் சொல்ல
இரண்டு முறை வாய் திறந்தேன்.
மூன்றாவது முறை சொன்னேன்.

இப்போது வயிறு ஆழாக்கு.
முதலில் முட்டை, பிறகு மீன் அல்லது சுண்டல்.
சோறு கடைசியில், இடமிருந்தால்.
பருவத்துக்கு முப்பதாயிரம் சிப்பம் எழுதும் கைக்கு
மூன்று பிடி சோறு.
அதிலும் ஒரு பிடி மிஞ்சுகிறது.

கட்டுப் பிரித்த பிறகு
மழையில் முளைவிட்ட நெல்லில் ஐந்து கிலோவை
கலியமூர்த்தியிடம் நல்ல நெல் விலைக்கு வாங்கினேன்.
அதற்குப் பட்டியல் போடவில்லை.
வெயிலில் காயவைத்து
மஞ்சள் பையில் கட்டினேன்.

தராசை மூடிய பிறகு, சாயங்காலம்,
பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
நாற்காலியிலிருந்து எழுகிறேன், உட்காருகிறேன்.
மூட்டை தூக்கும் ரெத்தினசாமி
பீடியைக் கீழே போடாமலே எண்ணுகிறான்.
ஒன்று என்று அவன் வாயில் வராது.
களத்து வழக்கம்:
'லாபம்.'
'ரெண்டு.'
'மூணு.'
தொடை நடுங்குகிறது.
எட்டு வரை போன நாளும் உண்டு,
மறுநாளே ஐந்தில் நின்றதும் உண்டு.
மறுபடி ஆரம்பித்தால்
மறுபடி லாபம்தான்.

பங்குனிக் கடைசியில்
எடை எழுபத்திரண்டு.
ஒரு கிலோ ஏறியிருக்கிறது.
பழைய பயம் தொண்டை வரை வந்தது.
ஆனாலும் அடிக்காமல், திருத்தாமல்
எழுதி வைத்தேன்.

மேகம் ஏறினால்
தார்ப்பாய் மூலையை ரெத்தினசாமி
இன்னும் என்னிடம் தருவதில்லை.
'கல்லை எடுத்து வையி' என்கிறான்.
எடுத்து வைக்கிறேன்.
இரண்டு கையாலும்.