கூத்தாடிக் கணக்கு

ஃபோர்த்தலேசாவில் மழை பிடித்து மூன்றாம் வாரம்.
ஆய்வுக்கூட வாசல் எந்திரம்
ஜுசிலேனியின் விரலை இன்றும் ஏற்கவில்லை.
பதினோரு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை;
கொட்டைப்பால் ரேகையைத் தின்றுவிட்டது.
காவலாளி தோரிவால் எழுந்து வந்து திறந்துவிடுகிறான்,
"இந்த மெஷினுக்கு நீ பிறக்கவே இல்லை."

உள்ளே காகிதக் கோப்பைகள்.
ஒன்றுக்கு இருபத்தைந்து கூத்தாடிகள்,
தலைகீழாய்த் தொங்கி
வாலால் மூச்சு வாங்குகின்றன.
அதே கொட்டைப்பால்,
இப்போது சொட்டுக்கணக்கில், கையுறையோடு.

மறுநாள் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள்.
அசையவில்லை. அசையவில்லை. அசையவில்லை.
இருபத்தைந்து.
வெறுந்தண்ணீர்க் கோப்பையில் மட்டும்
கூத்து நிற்கவில்லை.
அதற்குப் பூஜ்யம்.

ஏழாவதில் ஒன்று
தொட்டதும் லேசாகச் சுருண்டு நிமிர்ந்தது.
கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள்.
இருபத்துநாலு என்றே எழுதினாள்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு
மூடி வாங்கவேண்டும், சம்பளம் வரட்டும்.
போன வருஷம் டெங்குவில் கிடந்த மகனின் நெற்றியில்
இந்த விரல்களைத்தான் வைத்தாள்.
சூடு மட்டும்
நன்றாகவே தெரிந்தது.