பத்துச் சதம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே
வெண்ட்வொர்த்வில் கடைத்தொகுதியின் பின்பக்கம்
போத்தல் மெஷின் முன்னால் நிற்கிறான் யதுர்சன்.
காதை மூடிய நீலக் கவசம்.
காலடியில் ஆறு கறுப்புப் பைகள்.
அவன் பின்னால் நான்,
நிலையத்தின் பொருளாளர்,
வரித் திணைக்களத்தில் முப்பது வருடம் கூட்டிக் கழித்தவன்,
இங்கே பை பிடிக்க மட்டும் லாயக்கு.

ஒவ்வொரு போத்தலையும் சுழற்றி
கோடுகள் மேலே பார்க்கத்தான் உள்ளே விடுவான்.
மெஷின் விழுங்கும். வயிற்றுக்குள் ஒரு சத்தம்.
அதைக் கேட்க மட்டும்
ஒரு காதிலிருந்து கவசத்தை விலக்குவான்.
பிறகு மூடுவான்.
பிறகு அடுத்தது.
வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறார்.
விடட்டும்,
பெருமூச்சுக்கு மெஷின் காசு கொடுப்பதில்லை.

நசுங்கிய கேன்களை அது ஏற்காது, திருப்பித் துப்பும்.
அவன் அவற்றை எறிய விடமாட்டான்.
வீட்டுக்குக் கொண்டுபோய்
பென்சிலை உள்ளே விட்டு மெல்ல மெல்ல நிமிர்த்தி
அடுத்த சனி கொண்டுவருவான்.
பாதி தேறும்.

நேற்று பரமட்டாவில் ஒரு கலியாணம்.
மாப்பிள்ளையின் தகப்பன் இரவு போன் பண்ணினார்:
"முந்நூறு போத்தல் கிடக்கு, வந்து அள்ளிக்கொண்டு போங்கோ."
யதுர்சனின் தாய் சுகிர்தாவுக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன்.
கலியாண கார்ட் வரவில்லை, போத்தல் வந்தது.
"பிள்ளை சத்தம் போடுவான் எண்டுதான்..." என்று மண்டப வாசலில் இழுத்தார்.
சுகிர்தா கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"மூடியளைக் கழட்டி வையுங்கோ அண்ணை, அது வேற பை."

அவனுக்கென்று அரசாங்கம் தந்த மணித்தியாலங்கள்
இந்த வருடம் குறைந்துவிட்டன.
'முன்னேற்றம் தெரிவதால்' என்று கடிதத்தில் ஒரு வரி.
தானே பல் தீட்டப் பழகியிருந்தான்.
அதற்கான தண்டம்.

செயற்குழுவில் ஒருவர் யோசனை சொன்னார்:
ஆண்டு விருந்தில் பெடியனை மேடையில் ஏற்றுவோம்,
பின்னால் வயலின், திரையில் அவன் குழந்தைப் படம்,
சனம் அழும், செக் புத்தகம் திறக்கும்.
நானும் தலையாட்டினேன். அதையும் எழுதத்தான் வேணும்.
சுகிர்தா கதிரையை விட்டு எழும்பவில்லை.
"கைதட்டினால் அவனுக்குக் காது நோகும்.
அழுகிற முகங்களைக் கண்டால்
ஆருக்கு என்ன நடந்ததெண்டு விடியுமட்டும் நித்திரை கொள்ளான்.
வானுக்கு டயர் வேணும். டயருக்குக் காசு கேளுங்கோ."
கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
டயர், நான்கு.

இன்று நிலையத்துக்கு வந்து
ரசீதுகளை அடுக்கிக் கூட்டினேன்.
எழுபத்து நான்கு டொலர் அறுபது சதம்.
பேரேட்டில் பதிந்து பேனாவை மூடினேன்.
யதுர்சன் தன் பலகையை என் முன் வைத்தான்,
படங்களும் எண்களும் உள்ள பலகை.
அவன் விரல் தொட்டால் தாயின் குரல் பேசும்,
போன மாசி மாதம் இதே மேசையில் இருந்து பதிந்தது.
"ஏழு. நான்கு. ஏழு," என்றாள் சுகிர்தா,
சுகிர்தாவோ குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.
"ஓம் ராசா, கிட்டத்தட்ட," என்று சிரித்தேன்.
"ஏழு. நான்கு. ஏழு."
மேசை விளிம்பில் அவன் விரல்கள் தட்டத் தொடங்கின.
மறுபடி கூட்டினேன். அறுபது.
கால்குலேட்டர் என் பக்கம்.
தட்டல் வேகமாகியது.

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கச்
சட்டைப் பையில் கைவிட்டேன்.
மடித்த காகிதத் துண்டு.
எல்லாம் முடிந்த பிறகு
என் கார் சீட்டின் கீழே அவன் கண்டெடுத்த ஒற்றைப் போத்தலுக்கு
மெஷின் தந்த ரசீது.
பத்துச் சதம்தானே என்று
காலையிலிருந்து அதால் கண்ணாடி துடைத்திருக்கிறேன்.

பிழையை வெட்டி எழுதினேன்.
வெட்டிய இடத்தில், திணைக்களத்து வழக்கப்படி,
சுருக்கொப்பம் வைத்தேன்.
விரல்கள் நின்றன.

"அடுத்தது," என்றது பலகை.
அவன் பார்வை என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலில்.
பாதிதான் குடித்திருந்தேன்.
மீதியை நின்றபடியே குடித்து முடித்தேன்.