முதுகு இருந்த இடம்

ஹூயே தெருவில் வரிசையாக வண்டிக் கடைகள்.
லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றார் கியென்.
திருப்பி விற்றால் எவ்வளவு வரும் என்றார் அவர் அண்ணன்.
மகளுக்கு நிறம்தான் கவலை.
நான் குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும்.
அவ்வளவுதான் என் கோரிக்கை.

இடுப்பு வளைந்த ஒரு சிவப்பு ஸ்கூட்டர்
என்னை விரல் நுனியில் நிறுத்தி வேடிக்கை பார்த்தது.
இன்னொன்று எருமை அகலம்.
எனக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் ஆகாயம்.
கடைப் பையன் சிரித்தான்:
"ஓடும்போது கால் எதற்கு, டியெப் அக்கா?"
நிற்கும்போது வேண்டும், தம்பி.
இந்த ஊரில் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம்.

ஏழாவது வண்டி சாம்பல் நிறம். யாரோ ஓட்டியது.
இடது கண்ணாடி பழசு, வலது கண்ணாடி புதுசு;
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
பாதம் இரண்டும் தரையில் இறங்கின,
விருந்தாளி மாதிரி இல்லை,
வாடகை கொடுத்தவர் மாதிரி.

அண்ணன் நம்பர் பலகையைக் கூட்டிப் பார்த்தார்.
மிச்சம் மூன்று.
ஒன்பதாக இருந்தால் ராசி என்று உதட்டைப் பிதுக்கினார்.
மூன்று தடவை போய் வந்தால் ஒன்பது என்று சொல்லி
பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.

பதினோரு ஆண்டு பின்னிருக்கை எனக்கு.
ஹனோய் என்றால்
இடப்பக்கம் ஒரு கீற்று, வலப்பக்கம் ஒரு கீற்று,
நடுவில் கியெனின் சட்டை.
அவர் கட்டம்போட்ட சட்டை அணிந்தால்
அன்றைக்குக் கட்டம்போட்ட நகரம்.
பள்ளங்களை என் நெற்றி அறியும்,
கண் அறியாது.
அவருடைய தொழிற்சாலை ஊருக்கு வெளியே மாறிப்போனது;
முதுகும் கூடவே போய்விட்டது.

நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாத வாய்களுக்குப் பீங்கான் பல்.
அரை மில்லிமீட்டர் பிசகினால் ஆள் அலறுவார்.
அந்தக் கண்ணோடு ஆற்றுப் பாலத்தில் ஏறினேன்.
என் கைப்பிடிக்கும் பக்கத்துக் கைப்பிடிக்கும் நடுவே
அதே அரை மில்லிமீட்டர்.
ஒருத்தரும் அலறவில்லை.
ஹாரன்தான்,
அதுவும் திட்டு இல்லை, "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று.
முன்னால் போன வண்டியின் பின்னிருக்கையில்
ஒருவன் பெரிய நிலைக்கண்ணாடியைக் கட்டிப்பிடித்திருந்தான்.
அதில் ஒரு கணம்
கோணல் ஹெல்மெட்டோடு ஒருத்தி
நேராக என்னை நோக்கி வந்தாள்.
பிரேக் பிடிக்கத் தோன்றியது.
பிடிக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள்
வானம் வாளியைக் கவிழ்த்தது.
பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இரண்டு இருமல் இருமி
அடங்கிவிட்டது.
இரண்டு பாதமும் தரையில்தான் இருந்தன.
தரையைத்தான் காணோம், கணுக்கால் வரை தண்ணீர்.
எத்தனை தேடி வாங்கிய உயரம்!

பின்னாலிருந்து ஒரு கால் நீண்டது.
என் வண்டியின் கால்மிதியில் ரப்பர்ச் செருப்பை ஊன்றி
ஒரு நீல மழைக்கோட்டு என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது.
ஒரு சொல் இல்லை.
கைப்பிடியை மட்டும் நேராகப் பிடித்திருந்தேன்.
இறக்கம் வந்ததும் செருப்பு விலகியது.
திரும்பினால் விழுவேன்.
பழைய கண்ணாடியில் நீலம், புதுக் கண்ணாடியிலும் நீலம்;
அன்றைக்குப் பாதி ஊர் நீல மழைக்கோட்டு.
எல்லாருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கியெனின் வண்டி மெக்கானிக்கிடம்.
மீன் வாங்கப் போக வேண்டும்.
என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.
கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.
முழங்காலில் வைத்தார், கம்பியில் வைத்தார்,
கடைசியில் என் தோளில், சும்மா தொட்டபடி.

முதல் பள்ளத்தில் அவர் நெற்றி
என் ஹெல்மெட்டில் இடித்தது.
"சொல்லக் கூடாதா?" என்றார்.